கண்ணாடிப் பெட்டிக்குள் பாட்டை வைக்க முடியுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பேராக் மாநிலத்தின் அரச நகரான கோலகங்சாருக்குப் போனவர்கள் அந்த மரத்தைப் பார்த்திருப்பார்கள். மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் வயதான இரப்பர் மரம் அது. பிரேசில் நாட்டு விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகளாக சிங்கப்பூர் வந்து இறங்கியது. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்தக் காலத்தின் சாட்சியாக அந்த மரம் இன்றும் போற்றப்படுகிறது.

அதே 1877-ஆம் ஆண்டில் வேறொரு மூலையில் இன்னொன்றும் நடந்தது. மாஸ்கோவின் பொல்ஷோய் அரங்கில், சைக்கோவ்ஸ்கி இசையமைத்த 'அன்ன ஏரி' என்ற நாட்டிய நாடகம் முதன்முறையாக மேடையேறியது. அன்று அது பெரிதாக எடுபடவில்லை. இன்றோ உலகமெங்கும் ஆடப்படுகிறது.

மரத்தைக் காப்பாற்றிவிட்டோம். ரஷ்யர்கள் தங்கள் இசையைக் காப்பாற்றிக் கொண்டார்கள். ஆனால், அந்த மரத்தின் வழிவந்த லட்சக்கணக்கான மரங்களில் விடியுமுன் பால் வெட்டினார்களே நம் பாட்டன் பாட்டிமார்கள்... அவர்கள் பாடிய பாட்டு எங்கே இருக்கிறது? இன்று எண்பது வயதைத் தாண்டிய சிலருடைய தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தொண்டை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்தது.

ஒரு பாட்டை எப்படிக் காப்பாற்றுவது? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு ரஷ்யர்கள் தங்கள் அருங்காட்சியகங்களில் கண்ட விடையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு வாடகை வீட்டின் கதை

மாஸ்கோவுக்கு வடமேற்கே கிளின் என்று ஒரு சிறிய ஊர். சைக்கோவ்ஸ்கி தம் வாழ்நாளின் கடைசி ஒன்றரை ஆண்டை அங்கே ஒரு வாடகை வீட்டில் கழித்தார். மெருகுகூட ஏற்றாத ஒரு சாதாரண பிர்ச் மர மேசையில் உட்கார்ந்து தமது ஆறாவது சிம்பொனியை எழுதினார். 1893 நவம்பர் 6-ஆம் நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் காலமானார்.

வாடகைக்கு இருந்தவர் இறந்துவிட்டால் என்ன நடக்கும்? சாமான்கள் சிதறும். வேறு குடும்பம் குடிவரும். அங்கே அப்படி நடக்கவில்லை. அவருடைய வேலைக்காரர் அலெக்சேய் சொஃப்ரோனவ் அந்த வீட்டை வாங்கிவிட்டார். அவரிடமிருந்து சைக்கோவ்ஸ்கியின் தம்பி மொடெஸ்ட் அதைப் பெற்று, அண்ணன் விட்டுச் சென்றபடியே அறைகளை வைத்து, 1894-இல் அருங்காட்சியகமாக்கினார். கவனியுங்கள்... இதைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. ஒரு வேலைக்காரரும் ஒரு தம்பியும்!

பிறகு போர் வந்தது. 1941-இல் ஜெர்மானியப் படை கிளின் ஊரைப் பிடித்தது. அதற்கு முன்பே, அரிய பொருள்கள் சைக்கோவ்ஸ்கி பிறந்த வோத்கின்ஸ்க் ஊருக்கு ஏற்றி அனுப்பப்பட்டுவிட்டன. வீட்டின் கீழ்த்தளத்தைப் படையினர் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையாக்கினார்கள். ஊர் மீட்கப்பட்டதும் பொருள்கள் திரும்ப வந்தன. 1945-இல் வீடு மீண்டும் திறக்கப்பட்டது.

இவ்வளவும் பொருள்களைக் காத்த கதை. இசையைக் காத்த கதை இனிமேல்தான் வருகிறது. அந்த வீட்டின் கூடத்தில் சைக்கோவ்ஸ்கி வாசித்த பெக்கர் பியானோ இருக்கிறது. மற்ற நாட்களில் யாரும் அதைத் தொடக் கூடாது. ஆனால் அவர் பிறந்த மே 7, மறைந்த நவம்பர் 6 போன்ற நாட்களில் தேர்ந்த கலைஞர் ஒருவர் அதன் முன் அமர்ந்து வாசிப்பது அங்கே வழக்கம். 1958-இல் மாஸ்கோவில் தொடங்கிய அனைத்துலக சைக்கோவ்ஸ்கி போட்டியில் வென்றவர்களுக்கு அந்தப் பியானோவை வாசிப்பது ஒரு பெரும் பேறு. முதல் போட்டியில் வென்றவர் யார் தெரியுமா? அமெரிக்கரான வான் கிளைபர்ன். அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக் கொண்டு நின்ற பனிப்போர்க் காலம் அது!

எல்லா அருங்காட்சியகங்களிலும் 'தொடாதே' என்று எழுதி வைத்திருப்பார்கள். கிளின் வீட்டில் மட்டும், ஆண்டுக்கு ஓரிரு நாள், 'தொடு, வாசி' என்கிறார்கள். வாசிக்காத பியானோ வெறும் மரப்பெட்டி என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மேதைகளுக்கு மட்டும்தானா?

"சைக்கோவ்ஸ்கி மேதை. அவருக்குச் செய்வார்கள். தோட்டத்தில் கூலி வேலை செய்தவன் பாட்டுக்கு யார் செய்வார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கும் ரஷ்யாவிலேயே பதில் இருக்கிறது.

யெவ்கேனியா லின்யோவா என்று ஒரு பெண்மணி. மேடைப் பாடகி. 1890-களின் பிற்பகுதியில் அவர் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். ஏட்டில் எழுதினால் சொல் மட்டும் கிடைக்கும், பாடும் விதம் கிடைக்காது என்பதற்காக, குடியானவர்களைக் கருவியின் முன் பாட வைத்து மெழுகு உருளைகளில் பதிந்தார். கூட்டமாகப் பாடும்போது ஒவ்வொருவரும் எப்படி வேறு வேறு வழியில் போய் ஒன்று சேருகிறார்கள் என்று எழுதி, 1904 முதல் நூலாகவும் வெளியிட்டார்.

அடுத்து மித்ரோஃபான் பியாத்னித்ஸ்கி. இவர் 1911-ஆம் ஆண்டு மாஸ்கோவில் ஒரு காரியம் செய்தார். ரியாசான், வரோனிஷ், ஸ்மொலென்ஸ்க் பகுதிகளில் உழுது கொண்டிருந்த குடியானவர்கள் 18 பேரைப் பட்டணத்து மேடையில் ஏற்றிப் பாட வைத்தார். பயிற்சி பெற்ற பாடகர்களுக்குக் குடியானவர் வேடம் போடவில்லை. குடியானவர்களையே பாட வைத்தார். அவர் பெயரால் அமைந்த பாடற்குழு நூறாண்டு கடந்தும் பாடிக் கொண்டிருக்கிறது. மறு ஆண்டே, 1912-இல், மாஸ்கோ இசைக் கல்லூரியில் ஓர் இசை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அது ரஷ்யாவின் தேசிய இசை அருங்காட்சியகமாக வளர்ந்து நிற்கிறது.

ஆக, கூலிக்காரன் பாட்டும் ஒரு நாட்டின் சொத்துதான். யாராவது ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடிப் போக வேண்டும். அவ்வளவுதான்.

நம் வாத்தியங்களைப் பட்டியலிட்ட ரஷ்யர்

இங்கே ஒரு வியப்பான செய்தி. ரஷ்ய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒருவர் நம் தமிழையும் தேடி வந்திருக்கிறார்!

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாமன்னர் பீட்டர் 1714-இல் தொடங்கிய குன்ஸ்ட்காமெரா என்ற அருங்காட்சியகம் உள்ளது. அங்கு பணியாற்றிய அலெக்சாண்டர் மெர்வார்ட், அவர் மனைவி லியுத்மிலா மெர்வார்ட் ஆகிய இருவரும் 1914-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். முதல் உலகப் போரின் நடுவே நான்கு ஆண்டுகள் சுற்றி, தென்னிந்திய மக்களின் புழங்குபொருள்களைத் திரட்டினார்கள். கணவர் தமிழ் கற்றார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, அங்குள்ள இசைக் கருவிகளுக்கு 1917-இல் ஒரு கையேடே எழுதி வெளியிட்டார். ஊர் திரும்பிய பின், 1929-இல், பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணம் எழுதினார். மனைவி லியுத்மிலாவோ பின்னாளில் ரஷ்யாவில் மலாய் மொழி ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரானார். தமிழும் மலாயும் ஒரே வீட்டில்! மலேசியத் தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான ரஷ்யக் குடும்பம் இருக்க முடியுமா?

ஆனால் அந்தக் குடும்பத்தின் முடிவு இனிமையானதல்ல. 1930-இல் சோவியத் அரசு அறிஞர்கள் பலரைப் பொய்யான சதி வழக்கில் சிக்க வைத்தபோது இருவரும் கைதானார்கள். கணவர் 1932-இல் சிறை முகாமிலேயே மாண்டார். மனைவி தண்டனைக் காலத்தைக் கழித்துப் பின்னர் மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

இதை ஏன் சொல்ல வேண்டும்? ஒரு நாட்டின் வரலாற்றைக் கொண்டாடும்போது இனிப்பான பக்கத்தை மட்டும் காட்டக் கூடாது என்பதற்காக. 2022-இல் உக்ரைன் மீது ரஷ்யா பெரும் படையெடுப்பைத் தொடங்கியபோது, ரஷ்ய இசையை மேடையேற்றலாமா என்ற வாக்குவாதம் பல நாடுகளில் எழுந்தது. இசை இனிமையானது என்பதற்காக வரலாற்றின் கசப்பு மறைந்துவிடாது. நல்ல அருங்காட்சியகம் என்றால் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும். இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். அதைப் பிறகு பார்ப்போம்.

பினாங்கில் உறங்கும் 'முத்து'

ரஷ்ய வரலாறு எங்கோ இருப்பதல்ல. ஈப்போவில் இருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் பினாங்கிலேயே இருக்கிறது.

'எம்டன்' என்ற சொல்லை அறியாத தமிழர் உண்டா? எதற்கும் அஞ்சாத ஆளை "அவன் பெரிய எம்டன்" என்போம். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அதே எம்டன் அடுத்த மாதம் 28-ஆம் நாள் விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தது. அங்கே நங்கூரமிட்டு நின்றது 'ஜெம்சுக்' என்ற ரஷ்யக் கப்பல். ஜெம்சுக் என்றால் ரஷ்ய மொழியில் முத்து என்று பொருள். கப்பல் தலைவரோ அன்றிரவு கரையில் தங்கிவிட்டார். சில நிமிடங்களில் முத்து கடலில் மூழ்கியது. ஏறத்தாழ 90 மாலுமிகள் மாண்டார்கள்.

அவர்களில் சிலர் பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஜார் மன்னர் ஆட்சி போனது, சோவியத் ஒன்றியம் வந்தது, அதுவும் போனது. ஆனாலும் ரஷ்யத் தூதரகத்தினர் வந்து அங்கே மலர்வளையம் வைக்கும் வழக்கம் நிற்கவில்லை. இறந்தவர்கள் தளபதிகள் அல்லர், சாதாரண மாலுமிகள். தங்கள் நாட்டிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி இறந்தவர்களை ஒரு சமூகம் இப்படி நினைவில் வைத்திருக்கிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம்.

பேராக்கில் என்ன இருக்கிறது?

பத்து காஜா அருகே கெல்லி மாளிகைக்கு நாம் எல்லாரும் போயிருப்போம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி முடிக்காமல் போன மாளிகை. கட்டட வேலைக்கு சென்னை மாகாணத்தில் இருந்து தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டதாகவும், அதன்பின் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டபடி துரை மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. கோயில் இன்றும் இருக்கிறது. கோயிலின் மேலே துரையின் சிலைகூட இருக்கிறது. துரையின் பெயர் நாடறியும். மாண்டவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், நாட்டிலேயே மிகப் பழமையானது. அதே மாநிலத்தில் பாப்பான் என்ற சின்னஞ்சிறு ஈயச் சுரங்க ஊரில் ஒரு கடைவீடு இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் போராளிகளுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்து, சித்திரவதைப்பட்டு, 1948-இல் மறைந்த வீராங்கனை சிபில் கார்த்திகேசுவின் மருந்தகம் அது. உள்ளூர் மரபுடைமை ஆர்வலர்கள் அதைப் பேணி நினைவகமாக்கினார்கள். கிளின் வீட்டைப் போலவே இங்கும் தொடக்கம் தனி மனிதர் முயற்சிதான்.

ஆகவே 'இடமில்லை', 'அரசாங்கம் செய்யவில்லை' என்று மட்டும் சொல்லிக் கொண்டிருக்க நியாயமில்லை. நம்மிடம் குறைவது நேரம்தான்.

தோட்டங்கள் எப்படிப் போயின என்பது நமக்குத் தெரியும். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. பின்னர் இரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போய் தாமான்கள் வந்தன. லயங்கள் இடிந்தன. கோயிலும் பள்ளியும் இடம் மாறின. பெரட்டுக் களத்தில் புல் முளைத்தது. சனங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள்.

கத்தி, மங்கு, காண்டா வாளி இவையெல்லாம் இன்றும் சில வீடுகளில் கிடைக்கும். அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் ஆயாக் கொட்டகையில் பாடிய தாலாட்டு? நிரையில் ஒருத்தி தொடங்க அடுத்த நிரையில் இன்னொருத்தி முடித்த தெம்மாங்கு? திருவிழாவில் விடிய விடிய ஒலித்த தப்பும் உறுமியும்? சாவு வீட்டு ஒப்பாரி?

எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியது பெரும் தொண்டு. ஆனால் நூலில் சொல் இருக்கும், ராகம் இருக்காது. லின்யோவா நூறாண்டுக்கு முன் சொன்னது இதைத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்ட வாழ்க்கை தேனும் பாலுமாக இருந்ததில்லை. கங்காணியின் ஏச்சு, கள்ளுக்கடைக் கடன், சாதி பார்த்துக் கட்டிய தனித் தனி வரிசை, சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத ஆண்கள்... எல்லாம் அந்த வாழ்க்கையில் உண்டு. 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பாடி வைத்தால் அது பொய். பாட்டைப் பதியும்போது அந்த அழுகையையும் சேர்த்துப் பதிய வேண்டும். அப்போதுதான் அது வரலாறு.

ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

என்ன செய்யலாம்? மூன்றே மூன்று காரியங்கள்.

முதலாவது, இந்தப் பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, "பாட்டி, நீங்க மரம் வெட்டும்போது என்ன பாடுவீங்க?" என்று கேட்கட்டும். முதலில் வெட்கப்படுவார்கள். "போடா, அதெல்லாம் மறந்து போச்சு" என்பார்கள். தண்ணீர் கொடுத்து, அருகில் உட்கார்ந்து, இன்னொரு முறை கேளுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பதிவு செய்த நாள் இந்த மூன்றையும் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். பெயர் இல்லாத பதிவு, அனாதைப் பிணத்துக்குச் சமம். பதிந்ததை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் படி எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, முன்னாள் தோட்ட மக்கள் ஒன்றுகூடல் இப்போது பல இடங்களில் நடக்கிறது. நல்ல விருந்து, பழைய நண்பர்கள், குழுப் படம்... பிறகு கரவோக்கேயில் சினிமாப் பாட்டு! சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாளில் ஒரே ஒரு மணி நேரத்தைத் தோட்டப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். பழைய மங்கும் வாளியும் ஒரு மேசையில் இருக்கட்டும். மூத்தவர் ஒருவர் பாடட்டும். பேரப்பிள்ளை ஒருவர் அதைத் திருப்பிப் பாடட்டும். அந்த ஒரு மணி நேரம் அந்த மண்டபமே ஓர் அருங்காட்சியகம்தான்.

மூன்றாவது, திரட்டியதை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்தின் கதவைத் தட்டுங்கள். வெறும் கையோடு போய் "எங்களுக்கு ஏன் இடமில்லை" என்று கேட்பதைவிட, ஐம்பது குரல்களைக் கையில் வைத்துக்கொண்டு, "இவற்றை ஆண்டுக்கு ஒரு நாள் இங்கே ஒலிக்க வைக்க வேண்டும்" என்று கேட்டால் அதன் பலம் வேறு. அந்த நாள் மே முதல் நாளாக, தொழிலாளர் தினமாக இருந்தால் இன்னும் பொருத்தம்.

துண்டாடல் காலத்தில், சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. விற்கப்பட்ட தோட்டங்களை அந்தத் தொழிலாளர்களே வாங்கினார்கள். பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று சேர்த்து நிலத்தை மீட்கத் தெரிந்த சமூகத்துக்கு, நாலு வரி, எட்டு வரி என்று சேர்த்துப் பாட்டை மீட்கத் தெரியாதா?

கிளின் வீட்டுப் பியானோ நூறாண்டு கழித்தும் பேசும், ஏனென்றால் அது மரமும் கம்பியும். பாட்டியின் தொண்டை மரமும் கம்பியும் அல்ல. அடுத்த ஆண்டு பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போட முடியாது.

இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்.